ஐஸ்காரரும் 12 மணி நேரமும்: ஏழு வருஷ போன் பேங்கிங் அனுபவம்

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் இருக்கும் என் மாமாவுக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் கைக்கு வந்திருக்கிறது. போன வாரம் அழைத்து, "மாப்ள, நீ பேங்க் ஆப்பைப் போன்லயே வச்சிக்கிட்டுத் திரியிறியே, பயமா இல்லையா? பேப்பரைத் தொறந்தா எவனாவது ஒருத்தன் காசு போச்சுன்னு நிக்கிறான்" என்றார். சாதாரண நாளாக இருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் என் போன் ரிப்பேரிலிருந்து திரும்பி இரண்டே நாள் ஆகியிருந்தது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி எல்லா வங்கிக்கும் ஒன்றுதான், பெயரைச் சொன்னாலும் கதை பெரிதாக மாறாது.

2019-இல் இந்தச் செயலியைப் போட்டபோது காசு அனுப்புவது சுலபம். எஸ்எம்எஸ்ஸில் டேக் நம்பர் என்று ஆறு இலக்க ஒருமுறைக் கடவு எண் வரும், அடிப்போம், காசு போய்விடும். அந்தச் சுலபம்தான் பிறகு வினையானது. பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் கீழ்வீட்டு அக்கா, பேஸ்புக்கில் வீட்டைச் சுத்தம் செய்யும் ஆட்கள் மலிவாகக் கிடைப்பதாகப் பார்த்து வாட்சப்பில் பேசினார். "எங்க ஆப்பை இறக்கி முன்பணம் 10 வெள்ளி (ரிங்கிட்) மட்டும் கட்டுங்க" என்று ஓர் ஏபிகே கோப்பை அனுப்பினார்கள். பிளே ஸ்டோரில் இல்லாத செயலி. அக்கா இறக்கினார், கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி சரி என்று தட்டினார். அதில் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியும் ஒன்று. பணம் கட்டும் பக்கம் நாம் அன்றாடம் பார்க்கும் எஃப்பிஎக்ஸ் ஆன்லைன் கட்டணப் பக்கம் மாதிரியே இருந்ததாம். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டையும் அங்கே அடித்தார், பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. அன்று ராத்திரிக்குள் 3,400 வெள்ளி போயிற்று. வந்த டேக் நம்பரை அக்காவுக்கு முன்னால் அந்தச் செயலி படித்து அனுப்பிவிட்டது. போன் அவர் மடியில்தான் இருந்தது.

அதனால்தான் பின்னாளில் என் வங்கிச் செயலி, நான் வெளியிலிருந்து இறக்கிய ஒரு ரேடியோ செயலியைக் காட்டி, "இதை நீக்கினால்தான் திறப்பேன்" என்று அடம்பிடித்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. நீக்கிவிட்டேன். பழைய பாட்டு கேட்க வேறு வழியா இல்லை?

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளை இறுக்கிப் பிடித்தது. எஸ்எம்எஸ் டேக்கைப் படிப்படியாக விடுங்கள், ஒருவருக்கு ஒரே போனில் மட்டும் ஒப்புதல், புதிதாக ஒரு போனைப் பதிந்தால் உடனே திறந்துவிடாமல் ஆறப்போடுங்கள் என்றது. அடுத்த மாதமே மோசடிக்காரர்களிடம் ஏமாந்தவர்கள் உடனே அழைக்க 997 வந்தது. இப்போது ஒவ்வொரு முறையும் செயலிக்குள்ளேயே யாருக்கு, எவ்வளவு என்று காட்டித்தான் ஒப்புதல் கேட்கிறது. நல்ல மாற்றம். ஒருமுறை தங்கைக்கு அனுப்பும் 50 வெள்ளியை 500 என்று அடித்துவிட்டு, அந்தத் திரையில் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

என் பிரச்சினை அந்த ஆறப்போடுதல். என் வங்கியில் அது 12 மணி நேரம்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள். ஜாலான் உத்தாமாவில் நாங்கள் பத்துப் பதினைந்து நண்பர்கள் சேர்ந்து வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். வசூல் பணம் என் கணக்கில் இருக்கும், கணக்கு ஒழுங்காக வைப்பவன் என்று ஒரு கெட்ட பெயர் எனக்கு. சாயங்காலம் நான்கு மணி இருக்கும். ரோடு முழுக்கக் கூட்டம், நான் மோட்டாரை ஓரங்கட்டும்போது சட்டைப் பையிலிருந்து போன் தாரில் விழுந்தது. எடுத்தால் திரையில் பச்சையாக ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுக்கக் கறுத்துவிட்டது. போன் சாகவில்லை, அழைப்பு வந்தால் அதிர்கிறது. யார் என்றுதான் தெரியவில்லை.

சரி, பழைய போன் இருக்கிறதே என்று மகனை எடுத்துவரச் சொன்னேன். சிம்மைக் கழற்றி மாற்ற ஊசி இல்லை, மாலை கட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒன்று கொடுத்தார். செயலியை இறக்கினேன். பயனர் பெயர், கடவுச்சொல், ஐசி (அடையாள அட்டை) படம், முகத்தை இடது பக்கம் திருப்பு, வலது பக்கம் திருப்பு. எல்லாம் முடிந்து பெருமூச்சு விடும்போது ஒரு கடிகாரப் படமும் அறிவிப்பும் வந்தன: உங்கள் பாதுகாப்புக்காக இந்தக் கருவியில் பணப் பரிமாற்றம் 12 மணி நேரத்துக்குப் பிறகே. அப்போது மணி 4.40. ஆக, விடிகாலை 4.40 வரை நான் ஏழை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே பந்தலுக்கு ஐஸ் லாரி வரும்.

வங்கியின் அவசர எண்ணுக்கு அழைத்தேன். அந்தப் பெண் மிகப் பணிவாக, "தா போலே, என்சிக்" என்றார். முடியாது ஐயா என்று அர்த்தம். நான் யார் என்று நிரூபிக்கிறேன் என்றேன், பிறந்த தேதி சொல்கிறேன் என்றேன். அதே பணிவோடு அதே தா போலே. கார்டு? பழையது காலாவதியாகி, புதுக் கார்டு உறை பிரிக்காமல் வீட்டு அலமாரியில் கிடந்தது. எங்கு போனாலும் டுவிட்நவ் கியூஆர் என்று ஆன பிறகு கார்டை யார் தேடினார்கள்? நாசி கண்டார் கடையிலிருந்து சுவீட் கடை வரை போனை நீட்டியே பழகிவிட்டோம்.

லாரி வந்தது. ஐஸ்காரர் சீனர், பெரியவர், மூன்று வருஷமாக வருஷத்துக்கு ஒரு நாள் பார்க்கிறவர். கறுத்துப் போன போனைக் காட்டினேன். அவர் மூட்டைகளை இறக்கிக்கொண்டே, "எசோக் பாயார் லா, அபாங்" என்றார். நாளைக்குக் கட்டு, அவ்வளவுதான். கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை. ஏழு வருஷமாகத் தினமும் என் மூஞ்சியைப் பார்த்துத் திறக்கும் செயலி மட்டும் என்னை நம்ப மறுத்தது.

அங்கேயே, ஐஸ் மூட்டைகளுக்கு நடுவில் நின்றபோது, பழைய போனில் எஸ்எம்எஸ் வந்தது. உங்கள் கணக்குக்குப் புதிய கருவி ஒன்று பதியப்பட்டுள்ளது, இது நீங்கள் இல்லையென்றால் உடனே அழையுங்கள் என்று. என்னைப் பற்றி என்னிடமே புகார். சிரிப்பு வந்தது, அப்புறம் கீழ்வீட்டு அக்கா ஞாபகம் வந்தது. அக்காவின் கடவுச்சொல்லைப் பிடித்தவன் இன்றைக்கு வந்தால், தன் போனை அக்காவின் போனாகப் பதிந்தாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பதிந்தாலும் அவனும் என்னைப் போலவே 12 மணி நேரம் குந்தியிருக்க வேண்டும். அதற்குள் அக்கா எழுந்து, பசியாறி, எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து, வங்கிக்கோ 997-க்கோ அழைத்துவிடலாம். இந்த ஏற்பாடு அப்போது இருந்திருந்தால் அந்த 3,400 வெள்ளியாவது தப்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். திருடனுக்கும் எனக்கும் அந்தச் செயலியால் வித்தியாசம் பார்க்க முடியாது, ஆகவே இருவரையும் சமமாக நடத்துகிறது. நியாயம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேளுங்கள். திருவிழா முடிந்து போனை ரிப்பேருக்குக் கொடுத்தேன். திரை மாற்ற 380 வெள்ளி. கடைப் பையன் முதலில் கேட்டது பின் நம்பர்தான், ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னான். சாம்சங்கில் ரிப்பேருக்கென்றே மெயின்டனன்ஸ் மோட் உண்டு, போட்டுக்கொடுத்தால் நம் படம், செய்தி, செயலி எதையும் அவர்களால் பார்க்க முடியாது. ஆனால் அதைப் போட்டுவிடத் திரை தெரிய வேண்டுமே! எனவே முக்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, புதுத் திரை ஒட்டியதும் நானே பின் நம்பரை அடித்து, அவன் கேமராவையும் ஸ்பீக்கரையும் சோதிக்கும்வரை தோளுக்குப் பின்னால் நின்றேன். பையனுக்குக் கோபம். பரவாயில்லை. போன் பேங்கிங்கில் ஆபத்து எங்கோ கம்போடியாவில் மோசடிக் கும்பலாக உட்கார்ந்திருக்கிறது என்றே எல்லோரும் நினைக்கிறோம், பின் நம்பர் எழுதிய தாளோ நம் ஊர் ரிப்பேர் கடை மேசையில் கிடக்கிறது.

சரி, வீட்டுக்கு வந்து செயலியைப் பழையபடி இந்தப் போனுக்கே மாற்றினேன். மறுபடி ஐசி, மறுபடி இடது பக்கம் வலது பக்கம். மறுபடி அந்தக் கடிகாரம்! அதே போன், அதே சிம், அதே மூஞ்சி. ஒரு வாரம் முன்பு வரை மூன்று வருஷம் அங்கேயே குடியிருந்த செயலி. மறுநாள் கிளைக்குப் போய் ஐசியை மேசைமேல் வைத்துக் கேட்டேன். முறை அப்படித்தான் என்றார்கள். நேரில் நிற்கிற ஆளுக்கும் இருட்டில் நிற்கிற ஆளுக்கும் ஒரே விதி என்றால், கிளை என்று ஒன்று எதற்குத் திறந்து வைத்திருக்கிறார்கள்?

ஏழு வருஷத்தில் என் கணக்கிலிருந்து ஒரு சென்கூடத் தவறாகப் போனதில்லை. போன் கைமாறினால் எல்லாவற்றையும் முடக்கும் வசதி இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு போகலாம் என்று நானே 1,000 வெள்ளியில் கட்டிவைத்திருக்கிறேன். இத்தனையும் சொல்லிவிட்டு, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். கோபம் தணிந்தால் நான்கு போடுவேனோ என்னவோ, இன்றைக்கு இரண்டுதான்.

மாமாவிடம் சொன்னது வேறு. இபிஎஃப் பணத்தைச் செயலியில் கை வைக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள், பூட்டைத் திறக்க ஏடிஎம்முக்கு நேரில் போகவேண்டிய மாதிரி வசதி இப்போது பல வங்கிகளில் உண்டு. கைச்செலவுக்கு மட்டும் இன்னொரு கணக்கில் கொஞ்சம் வைத்து, அதைப் போனில் பாருங்கள். கார்டை உறையிலேயே போட்டுவைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் உம் உம் என்றார்.

நேற்று ராத்திரி பத்தரைக்கு மறுபடி அழைத்தார். மகள் செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாம்.

"மாப்ள, என்னடா இது, காலையில வரைக்கும் நிக்கச் சொல்லுது?"

"படுங்க மாமா" என்றேன்.