ஓடுதளம், சுழலி, பேட்டரி: பறக்கும் கார்களில் எதை நம்பலாம்?

அமெரிக்காவின் மோல்டன் டெய்லர் வடிவமைத்த ஏரோகார் 1949இல் பறந்தது. 1956இல் அதற்கு அரசுச் சான்றிதழும் கிடைத்தது. இறக்கைகளைக் கழற்றி மடித்து, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு சாலையில் போகலாம். விமான நிலையம் வந்ததும் மாட்டிக்கொண்டு பறக்கலாம். ஆக, பறக்கும் காரைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. ஆனால் மொத்தம் கட்டப்பட்டவை ஆறுதான். இன்னும் சில ஆண்டுகளில் வீட்டு வாசலிலிருந்து பறப்பீர்கள் என்று தலைமுறைக்கு ஒரு நிறுவனம் வந்து சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான். பறந்து காட்டுகிறார்கள், எங்கிருந்து எழும், எங்கே இறங்கும் என்பதை மட்டும் சொல்வதில்லை. இப்போது களத்தில் உள்ள ஒவ்வொரு வகையிடமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுப் பார்க்கிறேன்.

ஏரோகாரின் நேரடி வாரிசு, ஸ்லோவாக்கியாவின் ஷ்டெஃபான் க்ளைன் உருவாக்கிய ஏர்கார். இதில் எதையும் கழற்ற வேண்டியதில்லை. சில நிமிடங்களில் இறக்கைகள் தாமே மடிந்து உடலுக்குள் போய்விடும். 2021 ஜூனில் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடங்களில் பறந்து இறங்கி, அங்கிருந்து சாலையில் ஓடி ஊருக்குள் போனது. 2022 ஜனவரியில் பறப்பதற்கான சான்றிதழ் பெற்றது. பொறியியலில் இதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது எழுந்ததும் இறங்கியதும் விமான நிலையங்களில். ஓட்டுபவருக்கு விமானி உரிமம் வேண்டும். நெரிசலில் சிக்கிய நடுச்சாலையில் இது வெறும் கார்தான். அதுவும் இறக்கைகளின் எடையைச் சுமக்கும் கார். சிறு விமானம் ஒன்றில் பறந்துபோய், இறங்கிய இடத்தில் வாடகைக் கார் எடுத்துக்கொள்பவர் இதைவிடக் குறைந்த செலவில், நல்ல விமானத்திலும் நல்ல காரிலும் பயணம் செய்கிறார். அமெரிக்காவின் டெர்ராஃபியூஜியா நிறுவனம் தன் மடக்கு இறக்கை வண்டியை 2009இலேயே பறக்கவிட்டது. 2021இல் சான்றிதழும் பெற்றது. அதே ஆண்டில் அங்கிருந்த ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது.

நெதர்லாந்தின் பால்-வி லிபர்ட்டி ஒரு ஜைரோகாப்டர். மேலே சுழலும் இறக்கைக்கு, அதாவது சுழலிக்கு, வானில் எஞ்சினின் விசை போவதில்லை. எதிர்க்காற்றே அதைச் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றாலும் மெல்லத் தரையிறங்கலாம் என்பது பெரிய பலம். இறங்க மிகக் குறைந்த இடம் போதும். எழுவதற்கு மட்டும் ஓட்டம் வேண்டும். 2020இல் ஐரோப்பியச் சாலைகளில் ஓட அனுமதி பெற்ற இதன் அறிவிக்கப்பட்ட விலை சுமார் மூன்று லட்சம் யூரோவில் தொடங்கியது. முதல் வகையைவிட ஒரு படி மேல் என்பேன். வாசல் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

அப்படியானால் செங்குத்தாக எழும் கார்? மக்கள் மனத்தில் இருக்கும் பறக்கும் கார் இதுதான். இங்கே ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். நின்ற இடத்திலேயே எழ வேண்டுமானால் காற்றைக் கீழே தள்ள வேண்டும். தள்ளும் பரப்பு சிறியதாக இருந்தால் காற்றை அதிக வேகத்தில் தள்ள வேண்டும். ஆற்றல் தேவையும் ஏறும். நான்கு பேர் அமரும் ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரின் சுழலி சுமார் 10 மீட்டர் விட்டம் கொண்டது. அதனால் ஏறத்தாழ 200 குதிரைத்திறனில் 1,100 கிலோவைத் தூக்கிவிடுகிறது. ஒரு காரின் பரப்புக்குள், அதாவது 2 மீட்டருக்கு 5 மீட்டர் இடத்துக்குள், விசிறிகளை அடக்கி 1,500 கிலோவைத் தூக்க, எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலே ஏறக்குறைய 500 குதிரைத்திறன் வேண்டும். விசிறிகளின் வழியே காற்று மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். கீழே போகப் போக வேகம் இன்னும் கூடும். மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினாலே வானிலை ஆய்வு மையம் அதைப் புயல் என்கிறது. தெருவில் கோலம் போடுகிறவர், சைக்கிளில் போகும் பிள்ளை, கொடியில் காயும் துணி, எல்லாவற்றின் மீதும் இது ஒவ்வொரு காலையும் வீசும். எந்தப் புத்திசாலி மென்பொருளாலும் இதைக் குறைக்க முடியாது. பொறியாளர் பால் மோலர், செங்குத்தாக எழும் தன் ஸ்கைகாருக்காகப் பல பத்தாண்டுகள் உழைத்தார். பாதுகாப்புக் கயிற்றில் கட்டிய நிலையில் அது மிதந்ததோடு சரி.

மின்விமான டாக்சிகள் இந்த இயற்பியலை மதிக்கின்றன. சாலைச் சக்கரங்களை விட்டுவிட்டு, சுழலிகளை அகலமாகப் பரப்பிக்கொள்கின்றன. சீனாவின் ஈஹாங் இஎச்216-எஸ் விமானி இல்லாமல் இருவரைச் சுமக்கிறது. 2023 அக்டோபரில் சான்றிதழ் பெற்றது. எட்டும் தூரம் சுமார் 30 கிலோமீட்டர். அமெரிக்காவின் ஜோபி, எழுந்த பின் சுழலிகளை முன்னோக்கிச் சாய்த்து இறக்கையின் பலத்தில் பறப்பதால், 2021 சோதனையில் ஒரே மின்னூட்டத்தில் சுமார் 248 கிலோமீட்டர் போனது. வரிசையில் முதலிடத்தை ஜோபிக்குத்தான் கொடுப்பேன். ஆனாலும் எஞ்சினின் வீணடிப்பைக் கழித்த பிறகுகூட, ஒரு கிலோ பெட்ரோல் தரும் பயனில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒரு கிலோ பேட்டரி தருவதில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளை ஏற்றுவோம் என்ற வோலோகாப்டர் அதைச் செய்யவில்லை. 2024 இறுதியில் அந்த நிறுவனமும், மின்விமானம் செய்த இன்னொரு நிறுவனமான லிலியமும் திவால் மனு கொடுத்தன.

இறங்குமிடம்? இவை வாசலுக்கு வருவதில்லை, தளத்துக்கு வருகின்றன. ஹெலிகாப்டர் டாக்சியும் அப்படித்தான் இருந்தது. நியூயார்க்கில் பான் ஆம் விமான நிறுவனக் கட்டடத்தின் கூரையிலிருந்து விமான நிலையத்துக்கு ஹெலிகாப்டர் சேவை ஓடியது. 1977 மே 16 அன்று, அங்கே நின்றிருந்த ஹெலிகாப்டரின் கால் முறிந்து அது சாய்ந்தது. சுழலி வெட்டிக் கூரையில் நால்வர் இறந்தார்கள். உடைந்த துண்டு தெருவில் விழுந்து, நடந்துபோன ஒருவரும் இறந்தார். அத்தோடு அந்தத் தளம் மூடப்பட்டது. இறந்த ஐந்தாமவர் டிக்கெட் வாங்கியவர் அல்லர். எத்தனை சுழலி இருந்தாலும், எவ்வளவு அமைதியாகப் பறந்தாலும், கீழே நடப்பவரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று நகரம் கேட்கத்தான் வேண்டும்.

சென்னை ஐஐடியில் பிறந்த ஈபிளேன் நிறுவனம் இதே மின்விமானத்தை ஏர் ஆம்புலன்சாகவும் வடிவமைக்கிறது. அந்தப் பயன்பாட்டை நான் முழுமனத்தோடு விரும்புகிறேன். மருத்துவமனைக் கூரையில் ஒரு தளம், பயிற்சி பெற்ற விமானி, நாளுக்குச் சில பயணங்கள், உயிர் காக்கும் நிமிடங்கள். அங்கே எழும் இடமும் இறங்கும் இடமும் முன்பே தெரியும். வீசும் காற்றையும் எழும் ஓசையையும் பொறுத்துக்கொள்ள ஊருக்கு ஒரு காரணம் இருக்கும்.