ஆச்சியின் மூக்குத்தியும் தலை ஸ்கேனும்

மெல்போர்னிலிருந்து ஒரு மாத லீவில் கல்லிடைக்குறிச்சிக்கு வந்திருந்தேன். வந்த மூன்றாம் நாள்தான் ஆச்சியைக் கவனித்தேன். பேச்சின் நடுவே வார்த்தை கிடைக்காமல் நிற்கிறாள். வலது காலை லேசாக இழுக்கிறாள். கேட்டால், "தலை கனமா இருக்குல, வேற ஒண்ணுமில்ல." ஒரு மாதத்துக்கு முன் புறவாசலில் வழுக்கி விழுந்த கதையை அத்தை அப்புறம்தான் சொன்னாள். வீக்கமும் இல்லை, காயமும் இல்லை என்று விட்டுவிட்டார்களாம். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை வேறு சாப்பிடுகிறாள்.

மறுநாள் காலை அம்பாசமுத்திரத்து டாக்டர் இந்த இரண்டையும் கேட்டதுமே, "இன்னைக்கே சி.டி. பிரைன் எடுத்துருங்க" என்றார். எக்ஸ்ரே கதிரை வைத்து மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் அது. வயதானால் மூளை சற்றுச் சுருங்கி, மண்டையோட்டுக்கும் அதற்கும் இடையே இடம் கூடிவிடுமாம். அங்கே ஓடும் மெல்லிய ரத்தக் குழாய் சின்ன இடிக்கே கிழிந்து, வாரக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும்.

காரில் போகும்போதே பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டேன். "பன்னிரண்டு மணிக்கு வாங்க. ஒண்ணும் சாப்பிடக் கொடுக்காதீங்க." ஆச்சிக்குச் சர்க்கரை. காலை மாத்திரை போட்டாச்சு, இட்லி இன்னும் சாப்பிடவில்லை. அங்கே போய் உட்கார்ந்தபோது வியர்த்துக் கை நடுங்கியது. சீட்டைப் பார்த்த டெக்னீஷியன், "பிளெயின்தானே எழுதியிருக்கு, சாப்பிட்டே வந்திருக்கலாமே" என்று சாவகாசமாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! ரத்தக் கசிவு பார்க்கச் சாதாரண ஸ்கேன் போதும், பட்டினி தேவையில்லை. படம் எடுப்பாகத் தெரியக் கான்ட்ராஸ்ட் என்கிற மருந்தை ஊசி போட்டு எடுத்தால்தான் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். அதற்கும் முன்னால் கிரியாட்டினின் அளவு (சிறுநீரகம் எப்படி என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை, அலர்ஜி எல்லாம் கேட்க வேண்டும். மெல்போர்னில் எனக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தபோது இத்தனையும் அச்சடித்த ஒரு தாளை முன்கூட்டியே கொடுத்தார்கள். பெரிய தொழில்நுட்பமில்லை, ஒரு தாள்தான்.

ஒரு பாட்டில் ஜூஸில் ஆச்சி தெளிந்தாள். அடுத்தது மூக்குத்தி. தலைப் பக்கம் உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக வெளிச்சம் சிதறிவிடும். கம்மல், ஹேர்பின், பல் செட்டு எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. "இது எங்கம்மை போட்டு விட்டதுல. அறுபது வருசமாச்சு, கழட்ட மாட்டேன்." திருகாணியும் அவள் கட்சிதான். தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து, நர்ஸ் பிள்ளையும் அத்தையும் மாறி மாறித் திருகிக் கழற்ற இருபது நிமிடம். ஸ்கேன் எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

குகைக்குள் போட்டு டமடமவென்று சத்தம் போடுவது எம்.ஆர்.ஐ. என்கிற வேறு ஸ்கேன். இந்த சி.டி. வெறும் வளையம். "உளுந்த வடை ஓட்டைக்குள்ள தலைய விட்டாப்ல இருந்துச்சு" என்றாள் ஆச்சி. கதிர்வீச்சைப் பற்றி அத்தைக்குப் பயம். ஒரு தலை சி.டி.க்குச் சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஏறக்குறைய ஒரு வருடத்தில் இயற்கையாகவே நம் மேல் படுகிற அளவு. சும்மா ஒரு தலைவலிக்கெல்லாம் எடுக்கக் கூடாதுதான், ஆனால் ஆச்சி விஷயத்தில் யோசிக்கவே வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் மட்டும் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இடது பக்கம் மெல்லிய பிறை மாதிரி ரத்தம் தேங்கியிருந்தது. நியூரோ டாக்டர் ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, "ஆபரேஷன் இப்ப வேண்டாம், ரெண்டு வாரத்துல மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பாப்போம்" என்றார். சென்டரில் கொடுத்ததோ பிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும். பிலிமில் பொறுக்கியெடுத்த படங்கள்தான் இருக்கும், கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற குறுந்தகட்டில்தான் முழுசும். மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. திடீரென்று முகம் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் கதை வேறு, அது பக்கவாதமாக இருக்கலாம். அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு, ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விட வேண்டும். மூளை ரத்தக் குழாயில் அடைப்பு வந்த முதல் சில மணி நேரம் சி.டி.யில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பாளையங்கோட்டை. பேச்சு முக்கால்வாசி திரும்பியிருந்தது. புதுப் படத்தில் பிறை மெலிந்திருந்தது. அன்று ஆச்சி நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, மூக்கு ஓட்டை தூர்ந்துவிடாமல் ஒரு துண்டு ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு வந்திருந்தாள். "இதையும் கழட்டணுமால?" என்று டெக்னீஷியனிடமே கேட்டாள்.