போயாக்கா, பொமெரோலா?
பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின்களைச் சுவைத்து மதிப்பிடப் பழகுவோர், அங்குள்ள போயாக், பொமெரோல் ஆகிய இரண்டு ஊர்களின் ஒயின்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில், நீர் எளிதில் வடியும் சரளை மண்ணில் விளையும் கபர்னே சோவிஞோன் திராட்சையே போயாக்கில் மேலோங்கி நிற்பதால், இளம் ஒயினின் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும். கொட்டைப்பாக்கை மென்று பழகியவர்களுக்கு அந்தத் துவர்ப்பு புதிதல்ல. பிளாக்கரண்ட் பழத்தோடு தேவதாரு மரமும் சீவிய பென்சிலும் கலந்த மணம் எழுந்தாலும், சுவை இணங்கி வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இளம் புட்டியைத் திறந்தால் வாயகன்ற குடுவையில் ஊற்றி ஓரிரு மணி நேரம் காற்றாட விடவேண்டும்.

பொமெரோலில் களிமண்ணும் மெர்லோ திராட்சையும் முதன்மை பெறுகின்றன. பழுத்த பிளம் மணமும் வழுவழுப்பும் கொண்ட அது விரைவில் இணங்கும்.

போர்தோ ஒயின் தோட்டங்களுக்கான 1855ஆம் ஆண்டுத் தரப்பட்டியலின் ஐந்து முதல்தரத் தோட்டங்களில் இன்று மூன்று போயாக்கில் உள்ளன. பொமெரோலுக்கோ அதிகாரபூர்வத் தரவரிசையே இல்லை, எனினும் அங்குள்ள பெத்ரூஸ் தோட்டத்து ஒயினின் விலை அந்த முதல்தர ஒயின்களின் விலையையும் விஞ்சுவதுண்டு. ஆகவே பட்டியலைவிட, விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையே நான் கணக்கில் கொள்வேன். காத்திருக்க முடிந்தவருக்குப் போயாக். இன்றைய விருந்துக்குப் பொமெரோல்.