நாலு ஜீபி போட்டேன், மூணேகால்தான் கிடைத்தது

களுவாஞ்சிகுடியில் டைப்பிங், போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். 2012இல் பாவித்த கொம்பியூட்டர் ஒன்று வாங்கினேன். கோர் 2 டுவோ புரொசசர், இன்டெல் 945 சிப்செட் (புரொசசரையும் ரேமையும் இணைக்கும் சிப்) உள்ள மதர்போர்ட், 2 ஜீபி ரேம். பாமினி எழுத்துருவில் விண்ணப்பம் அடிக்க, அடையாள அட்டை ஸ்கேன் பண்ண அது தாராளம்.

போட்டோ வேலை கூடியதும் இழுபடத் தொடங்கியது. அடுத்த வருடம் மட்டக்களப்பு டவுனில் 2 ஜீபி டிடிஆர்2 ரேம் இரண்டு வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டுப் போட்டேன். திரையில் வந்தது இது: நிறுவியது 4.00 ஜீபி, பாவிக்கக்கூடியது 3.24 ஜீபி. அடுத்த பஸ்ஸிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைத் தம்பி ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஊதிவிட்டுத் திரும்பச் செருகினார். கடற்காற்றுக்கு அந்தப் பற்கள் கறுத்துப்போவது நம் பக்கத்தில் வழக்கம்தான். ஆனாலும் அதே 3.24. இடம் மாற்றிப் போட்டார், அப்போதும் அதே. “அண்ண, ரேம் நல்லம். விண்டோஸ்தான் 32 பிட்” என்றார். பாதிப் பதில் அது.

வீட்டில் அப்பா கேட்டார்: “அப்ப அந்த முக்கால் ஜீபிய யார் எடுத்த?”

சரியான கேள்வி. ரேமின் ஒவ்வொரு இடத்தையும் புரொசசர் ஒரு எண்ணால், அதாவது முகவரியால் கூப்பிடுகிறது. 32 பிட்டில், அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் 32இல், எழுதக்கூடிய முகவரிகள் 4,294,967,296. ஒரு பைட்டுக்கு ஒரு முகவரி என்றால் கணக்கு 4 ஜீபியோடு முடிகிறது. அந்த முகவரிகள் ரேமுக்கு மட்டும் உரியவையும் அல்ல. கிராபிக்ஸ், நெட்வேர்க், சவுண்ட், கொம்பியூட்டரைத் தொடக்கிவைக்கும் பயோஸ் சிப் எல்லாவற்றையும் புரொசசர் அதே வரிசை முகவரிகளால்தான் கூப்பிடுகிறது. அவற்றுக்கு 4 ஜீபிக்குக் கீழே உச்சியில் இடம் ஒதுக்கப்படுகிறது. கிளினிக்கில் நூறு கதிரை, நூறு நம்பர் துண்டு என்று வையுங்கள். கடைசி இருபது துண்டை ஊழியர்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டால், கதிரை நூறு இருந்தும் இருபது பேரைக் கூப்பிட வழியில்லை. தட்டுப்பாடு கதிரைக்கு அல்ல, துண்டுக்கு. விண்டோஸ் 7இன் ரிசோர்ஸ் மொனிட்டரில் மெமரிப் பகுதியைத் திறந்தால் இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு தெரியும். என் பெட்டியில் அது சுமார் 780 எம்பி. அப்பா கேட்டது அதைத்தான்.

512 எம்பி கிராபிக்ஸ் கார்ட் போட்டால் 512 எம்பி போய்விடும் என்று பலர் சொல்வார்கள். அப்படியே உண்மை இல்லை. அந்தக் காலத்துக் கார்டுகளின் மெமரியைப் புரொசசர் ஒரு சிறு முகவரி ஜன்னல் வழியாகத்தான் பார்க்கும். அது பெரும்பாலும் 256 எம்பி. போர்டிலேயே உள்ள கிராபிக்ஸ் என்றால் கதை வேறு, அது ரேமிலிருந்தே கொஞ்சம் கிள்ளி எடுக்கும்.

என்னை உண்மையில் ஏமாற்றியது 2016. 64 பிட் போட்டால் முழு ரேமும் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடையைப் பூட்டி 64 பிட் விண்டோஸ் ஏற்றினேன். பழைய ஸ்கேனருக்கு அதை இயக்கும் 64 பிட் ட்ரைவர் மென்பொருள் இல்லாததால் அதையும் இழந்தேன். ரேம்? அதே மூணேகால். 945 சிப்செட்டுக்கே 4 ஜீபிதான் எல்லை. மறைந்துபோன பகுதியை அந்த எல்லைக்கு மேலே தூக்கி வைக்கும் வசதி அதில் இல்லை. அடுத்து வந்த 965 போன்ற சிப்செட்டுகளில் உண்டு, சில பயோஸ்களில் ‘மெமரி ரீமேப்’ என்ற பெயரில் காட்டும். 64 பிட் ஏற்ற முன்னர் போர்டின் சிப்செட் எதுவென்று பார்த்திருந்தால் ஒரு ஞாயிறும் ஒரு ஸ்கேனரும் மிஞ்சியிருக்கும்.

32 பிட்டால் 4 ஜீபியைத் தாண்டவே முடியாது என்பதும் முழுச் சரியல்ல. 1995இல் வந்த பென்டியம் புரோவிலேயே முகவரியை 36 பிட்டாக்கி 64 ஜீபி வரை போகும் வழி வைத்தார்கள். சேர்வர் விண்டோஸ் சிலவற்றில் மைக்ரோசொப்ட் அதைத் திறந்துவிட்டது. எக்ஸ்பி, 7 போன்றவற்றில் பூட்டியே வைத்தது, 4 ஜீபிக்கு மேலான முகவரியைக் கண்டால் குழம்பும் ட்ரைவர்கள் அவ்வளவு இருந்தன. பூட்டை உடைக்கும் பட்ச் (விண்டோஸைத் திருத்தும் சின்ன மென்பொருள்) ஒன்றைக் கூட்டாளி பென்ட்ரைவில் தந்தான். என் போர்டுக்கு அதுவும் வீண்.

இத்தனைக்கும் 3.24இல் கடை ஓடியது. ரேமைவிட 2019இல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போட்ட எஸ்எஸ்டிதான் வித்தியாசம் காட்டியது, போட்டோசொப் திறக்கும்வரை வாடிக்கையாளருடன் ஊர்க்கதை பேச நேரம் இல்லாமல் போனது. 2023இல் விண்டோஸ் 7க்குப் புதிய குரோம் வருவது நின்றதும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். பாமினி எழுத்துரு அதிலும் வேலை செய்கிறது, கைவிட்ட ஸ்கேனரும் திரும்ப உயிர்பெற்றது. பிரவுசரில் ஏழெட்டுப் பக்கம் திறந்தால் மட்டும் மூச்சு வாங்குகிறது. அந்த வேலைக்கு வேறு மெசின் வாங்கிவிட்டேன், இது ஸ்கேனருக்குப் பக்கத்தில், அதே இரண்டு ரேமோடு.