பிளைண்ட்ஸ், ஷேட், கர்ட்டன்: எந்த ஜன்னலுக்கு எது?

ஜன்னலுக்கு மறைப்பு தேடி இணையத்தில் இறங்கினால் முதலில் குழப்புவது பெயர்தான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கர்ட்டனும் ஷட்டரும் போக மீதி ஏறக்குறைய எல்லாமே ‘பிளைண்ட்’. சுருண்டு ஏறும் துணியும் அதுதான், வரிசையாகத் தகடு கோத்ததும் அதுதான். அமெரிக்கர்கள் தகடு வைத்ததைத்தான் பெரும்பாலும் ‘பிளைண்ட்ஸ்’ என்பார்கள், துணியென்றால் ‘ஷேட்’. பிரிட்டிஷ் தளத்தில் ‘ரோலர் பிளைண்ட்’ என்று இருப்பதே அமெரிக்கத் தளத்தில் ‘ரோலர் ஷேட்’. தரையைத் தொடும் கனமான, லைனிங் வைத்த கர்ட்டனுக்கு அங்கே ‘டிரேப்ஸ்’ என்று தனிப்பெயரும் உண்டு.

இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கர்கள் பக்கம்தான் நான். தகடா, துணியா என்று பிரித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டும் செய்கிற வேலையே வேறு.

தகடு வைத்ததில் பிரபலமானது வெனிஷியன் பிளைண்ட்ஸ். இங்கிலாந்தில் எட்வர்ட் பெவன் இதற்கு 1769-இல் காப்புரிமை வாங்கினார்; அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. இதன் பலம், மூடாமலே வெளிச்சத்தைத் திருப்பிவிடலாம் என்பதுதான். தகட்டின் வெளி ஓரம் கீழே, உள் ஓரம் மேலே இருக்கும்படி சாய்த்துப் பாருங்கள். மேலிருந்து வரும் வெயில் தகட்டில் பட்டு நின்றுவிடும். எதிரே உயரமான கட்டடம் இருந்தாலும் அங்கிருந்து பார்ப்பவருக்கு உங்கள் அறை தெரியாது. தெருவில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் கூரைதான் தெரியும். மாற்றிச் சாய்த்தால் வெயில் நேராக மேசைக்கு வரும், மேல்மாடிக்காரர் உங்கள் தரையைப் பார்க்கலாம். தகட்டைச் சாய்க்கும் கம்பியைத் திருப்புவதில் இவ்வளவு இருக்கிறது! பலர் எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்று கவனிப்பதே இல்லை.

தகட்டின் அகலமும் முக்கியம். அலுமினியத்தில் பரவலாகக் கிடைப்பது 25 மில்லிமீட்டர், மரத்தில் 50. அகலத் தகடு என்றால் எண்ணிக்கை குறையும், திறந்திருக்கும்போது வெளிக்காட்சி நன்றாகத் தெரியும், துடைப்பதும் சுலபம். தூசிதான் இதன் சாபக்கேடு. ஒவ்வொரு தகடாகத் துடைக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம். முழு இருட்டும் கிடைக்காது, கயிறு போகும் துளை வழியாகக்கூட வெளிச்சம் கசியும். ஈரமான குளியலறையில் அசல் மரம் வளைந்துவிடும், அங்கே அலுமினியமோ பிளாஸ்டிக்கோ போதும். படுக்கைவசத்தில் இல்லாமல் செங்குத்தாகத் தொங்கும் வெர்டிகல் பிளைண்ட்ஸ் அகலமான கண்ணாடிக் கதவுக்குப் பொருந்தும். அலுவலகக் களை அடிக்கும், அவ்வளவுதான்.

சுருண்டு ஏறும் துணியான ரோலரில் சாய்க்கிற வேலை எல்லாம் கிடையாது. இறக்கினால் மறைக்கும், ஏற்றினால் திறக்கும். ஆனால் துணி எது என்பதில்தான் சூட்சுமம். வலைபோல நெய்த சன்ஸ்கிரீன் துணியில் 3%, 5%, 10% என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், நெசவில் எவ்வளவு இடைவெளி என்பது அது. எண் குறையக் குறையக் கண்கூச்சமும் குறையும், காட்சியும் குறையும். அடர்நிறத் துணி வழியே வெளியே தெளிவாகத் தெரியும். வெளிர்நிறம் வெப்பத்தைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும், ஆனால் கண் கூசும். பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது என்று நம்பி இதை மட்டும் மாட்டிவிடாதீர்கள். இரவில் விளக்குப் போட்டதும் நிலைமை தலைகீழ், தெருவே பார்க்கும்.

வெளிச்சம் புகாத துணியில் செய்த பிளாக்அவுட் ரோலர் என்றாலும் இரு ஓரத்திலும் மெல்லிய கீற்றாக வெளிச்சம் வரும். பிடிமானத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் துணி எப்போதும் முழு அகலத்தைவிடச் சற்றுக் குறுகலாகத்தான் இருக்கும். ரோமன் வகை மடிந்து மடிந்து ஏறும். பார்க்க அழகு, மேலே மூட்டையாகச் சேர்ந்து கொஞ்சம் ஜன்னலை மறைத்துக்கொள்ளும்.

கர்ட்டன் ஜெயிப்பது இந்த ஓரத்தில்தான். ஜன்னல் சட்டத்தைத் தாண்டி இரு பக்கமும் கம்பியை நீட்டிவிட்டால் கீற்று அடைபடும், கழற்றித் துவைக்கலாம், அறையின் எதிரொலியும் கொஞ்சம் அடங்கும். வாகனச் சத்தமே நின்றுவிடும் என்று விற்பவர் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. துணி எடுக்கும்போது கம்பியின் நீளத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு விழாமல் பெட்ஷீட் மாட்டியதுபோல இருக்கும்.

வெப்பம்தான் தலைவலி என்றால் மேலே சொன்ன எதுவும் முழுத் தீர்வல்ல. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் துணியையோ தகட்டையோ சூடாக்கும், அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கும். வெளிப்பக்கம் மாட்டும் ஷட்டரோ மறைப்போ இதில் வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும் மேசை அருகே வெனிஷியன், சமையலறையில் துடைக்கக்கூடிய ரோலர், படுக்கையறையில் கண்ணாடியை ஒட்டி பிளாக்அவுட் ரோலர், அதற்கு முன்னால் அறைப் பக்கம் கர்ட்டன். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் வேறெதையும் பார்ப்பதற்கு முன் கயிறு இல்லாத வகையைத் தேடுங்கள். தொங்கும் வளையம் கழுத்தில் மாட்டி உயிரே போயிருக்கிறது. பழைய பிளைண்ட்ஸை மாற்ற முடியாவிட்டால் கயிற்றைத் தரையிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் உயரத்தில் கொக்கியில் சுற்றிவையுங்கள், பக்கத்தில் கட்டிலோ தொட்டிலோ போடாதீர்கள்.

அப்புறம் அளவு. சட்டத்துக்குள் மாட்டுவதென்றால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அகலம் எடுத்து, இருப்பதிலேயே சிறியதைக் கொடுங்கள்.