அல்வா ஊருக்கு அரை வயிறோடு

தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக லண்டனிலிருந்து திருநெல்வேலி போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். அதில் இரண்டு நாள் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கழிந்தது. என்னைப் போல எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு ஊருக்குப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு 2021-இல் பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் இரைப்பை பைபாஸ் செய்தார்கள். அப்போது 118 கிலோ, சர்க்கரையும் இருந்தது. இப்போது 76, சர்க்கரை மாத்திரை இல்லை. பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல் பகுதியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மீதி இரைப்பை உள்ளேயே சும்மா கிடக்கும், சோறு அந்தப் பக்கம் போகாது. இந்தியாவில் அதிகம் செய்வது ஸ்லீவ், அதாவது இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி வெளியே எடுத்துவிடுவது. அதனால் 'எடை குறைக்க ஆபரேஷன்' என்று நான் வாயைத் திறந்தாலே கேட்கிறவர்கள் ஸ்லீவ் என்றே எடுத்துக்கொள்கிறார்கள், சில டாக்டர்கள் உட்பட. இதுதான் பின்னால் வினையானது.

முதல் வாரம் என் தப்பு. மூன்று வருஷமாக அல்வாவைத் தொடாதவள், கல்யாண வீட்டில் மதினி வாழையிலைத் துண்டில் சுடச்சுட வைத்துக் கொடுத்ததும் இரண்டு விள்ளல் வாயில் போட்டுவிட்டேன். நெய் விரலில் வழிகிறது, யார்தான் வேண்டாம் என்பார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்காது, நெஞ்சு படபடவென்று அடிக்க, பட்டுச் சேலை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்து, பந்தி நடக்கும்போதே பின்கட்டில் பாய் விரித்துப் படுத்துவிட்டேன். சர்க்கரை மொத்தமாகக் குடலுக்குள் இறங்கினால் இப்படித்தான் ஆகும், டம்பிங் என்பார்கள், அரை மணி ஒரு மணியில் தானாக அடங்கும். ஆனால் பெரியம்மாவுக்கு அது புரியவில்லை. "கண்ணு பட்டுருச்சு, ஏட்டி, அந்த உப்பு மொளகாய எடு" என்று சுற்றிப் போட்டார். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் நான் மூன்று கவளத்தோடு எழுந்ததற்கு மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டது தனிக்கதை.

கல்யாண அலைச்சலில் முழங்கால் வலி வந்தது. தெருமுனை மருந்துக்கடையில் போய்ச் சொன்னதும் அந்தத் தம்பி கேள்வியே கேட்காமல் நாலு நிறத்தில் மாத்திரைகளைக் கத்தரித்து 'செட்' போட்டு, சின்னக் காகிதக் கவரில் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுத்தார். பெயர் கிடையாது, அட்டையின் ஓரம் வெட்டுப்பட்டு இரண்டு எழுத்துதான் தெரிந்தது. பைபாஸ் செய்தவர்கள் டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது, குடலும் பையும் சேர்கிற தையலில் புண் வரும், பாரசிட்டமால் மட்டும்தான் போடலாம் என்று லண்டனில் எத்தனையோ தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் வலி நின்ற சுகத்தில் ஐந்து நாள் போட்டேன். சத்து மாத்திரைகளோ பெட்டியில் பூட்டியபடி கிடந்தன.

அப்புறம் மேல் வயிற்றில் எரிச்சல், வாந்தி. ஆறு நாள் கஞ்சி கூட நிற்கவில்லை. அண்ணன் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

வாசலில் இறங்கிய பத்தாவது நிமிஷம் கட்டிலில் இருந்தேன். லண்டன் கேஷுவாலிட்டியில் நாலைந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவளுக்கு இதுவே பெரிய விஷயம். ஆனால் இந்த வேகத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. நான் என் ஆபரேஷன் ஃபைலை எடுப்பதற்குள் சிஸ்டர் கையில் ஊசி குத்தி, குளுக்கோஸ் பாட்டிலைக் கம்பியில் மாட்டிவிட்டார். நம் ஊரில் சோர்வு, வாந்தி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் 'ஒரு பாட்டில் ஏத்திக்கோ' தானே.

நாள்கணக்கில் வாந்தி எடுத்த பைபாஸ் ஆளுக்கு உடம்பில் பி1 சத்து வற்றியிருக்கும். அந்த நிலையில் முதலில் குளுக்கோஸை ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்ச பி1-உம் அதைச் செரிக்கவே செலவாகி மூளை நரம்பு பாதிக்கலாம். பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், நினைவே குழம்பும். "சிஸ்டர், முதல்ல பி1 போடணும், குளுக்கோஸ் அப்புறம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'வெளிநாட்டுக்காரி சட்டம் பேசுறா' என்கிற பார்வை. ட்யூட்டி டாக்டர் வந்தார், சின்ன வயசுப் பையன். "ஸ்லீவ் தானேக்கா?" என்றார். இல்லை தம்பி என்று அவர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்திலேயே முட்டை, அதிலிருந்து ஒரு குழாய், ஓரமாகச் சும்மா கிடக்கிற பழைய இரைப்பை என்று வரைந்து காட்டினேன். அதற்குள் அவர் வலிக்கு எழுதிவைத்திருந்தது என்ன ஊசி என்று கேட்டால், அதே டைக்ளோஃபினாக்! ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அவர் முறைத்துக்கொள்ளவில்லை. அடித்துவிட்டு வேறு எழுதினார், செல்போனில் இரண்டு நிமிஷம் எதையோ படித்தார், பாட்டிலை இறக்கச் சொன்னார். குளுக்கோஸ் இல்லாத வெறும் சலைனில், அதாவது உப்புநீரில், பி1 அடங்கிய பி காம்ப்ளெக்ஸ் ஊசியை ஏற்றியதும் பாட்டில் முழுக்க மஞ்சள் பரவி இறங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலை எண்டோஸ்கோப்பி. தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, குழாயை விட்டு, ஐந்தே நிமிஷம். தையல் போட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு புண், சுண்டைக்காய் அளவு. குடல் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவருக்குப் பைபாஸ் அத்துப்படி. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை முழுதாக விழுங்காதே, கேப்ஸ்யூலைப் பிரித்து உள்ளே இருக்கும் மணிகளை எடுத்துக்கொள், சின்னப் பையில் கரைய நேரம் போதாது என்றார். கூடவே புண்ணின் மேல் படிந்து காக்கிற சுக்ரால்ஃபேட் சிரப், மூன்று மாதம். இந்தப் புண் போனாலும், இனி எப்போதாவது விட்டுவிட்டுப் பிடித்து இழுக்கிற மாதிரி வயிற்று வலி வந்தால் வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதே, குடல் உள்ளே புரண்டு சிக்கியிருக்கலாம், நேராக சிடி ஸ்கேன் எடு என்றும் சொன்னார். எண்டோஸ்கோப்பிக்கு 3,500 ரூபாய் ஆனது. லண்டனில் இதற்கு எத்தனை வாரம் காத்திருப்பேனோ.

ரத்தப் பரிசோதனை இன்னும் சுகம். காலை ஆறரைக்கு லேப் பையன் வண்டியில் வீட்டுக்கே வந்து எடுத்துப்போனான். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சத்து இருப்பு), பி12, வைட்டமின் டி எல்லாம் சாயங்காலம் வாட்ஸப்பில் வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற பி12 ஊசியையும் பக்கத்துக் கிளினிக்கிலேயே போட்டுக்கொண்டேன்.

டிஸ்சார்ஜ்தான் இழுத்தது. பத்து மணிக்குப் போகலாம் என்றவர்கள் மூன்று மணிக்கு விட்டார்கள். சம்மரியைப் பார்த்தால் 'ஸ்லீவ் ஆபரேஷன் செய்தவர்' என்று அடித்திருக்கிறார்கள்! நான் பயண இன்ஷூரன்ஸில் பைபாஸ் என்று சொல்லி அதற்குக் கூடுதலாகக் கட்டியிருக்கிறேன், தாள் மாறினால் பணம் வராது. திருத்தி, சீல் வைத்து வாங்க இன்னும் ஒரு மணி நேரம். பில்லையும் விவரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், 'மருந்து வகையறா' என்று ஒற்றை வரியில்தான் முதலில் கொடுப்பார்கள். அடுத்த தடவை நான் படம் வரைந்துகொண்டு இருக்கப்போவதில்லை. பைபாஸ் படம், எந்த ஊசி கூடாது, பி1 முதலில் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து லேமினேட் செய்து கைப்பையில் வைத்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்த மருந்துக்கடைக்குப் போய், தம்பி, எனக்கு நீ கொடுத்த வலி மாத்திரைக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். சண்டை போடத்தான் போனேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுவாக்கா, நல்லாக் கேட்டுச்சா? ஊருக்குக் கொண்டுபோக ரெண்டு அட்டை போடட்டுமா?"