பெங்களூரா, மும்பையா, ஹைதராபாத்தா? குடிபோகிற தமிழனை ஊர்க்காரர்கள் நடத்தும் விதம்

வேலை மாற்றலாகி வெளிமாநிலம் போகிறவர்கள் என்னிடம் வாடகை, ஸ்கூல் பீஸ் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "அங்க ஆளுங்க எப்படி?" மூன்று ஊரிலும் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஊர்க்காரர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று ஆராய்வதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அந்த ஊருக்கு ஏற்கெனவே யார் மேல் கோபம், அந்த வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆளாக நிற்கிறீர்கள், அதை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் வீடு. ஊர் நம்மை எடைபோடுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம், இப்போது பல ஏரியாவில் ஐந்தாறு மாதத்துக்கு இறங்கியிருக்கிறது. காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், நீங்கள் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காமல் இருந்திருந்தாலும் சரி. இதை வெளியூர்க்காரனுக்குச் செய்யும் ஓரவஞ்சனை என்று நினைத்து நானும் சண்டைக்குப் போனேன், பக்கத்து போர்ஷனில் இருந்த மைசூர்க்காரருக்கும் அதே கதிதான் என்று அப்புறம் தெரிந்தது. மும்பையில் வீட்டு ஓனர் எங்கேயோ இருப்பார், உங்களைப் பார்க்கக்கூட மாட்டார். உங்களை அளப்பது சொசைட்டி செக்ரட்டரி. போலீஸ் வெரிஃபிகேஷன், லீவ் அண்ட் லைசென்ஸ் என்கிற 11 மாத வாடகை ஒப்பந்தம், அதை ரிஜிஸ்டர் செய்வது, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, இதெல்லாம் முடிந்த பிறகும் 'பில்டிங்கில் நான்வெஜ் கிடையாது' என்று ஒரு வரி வந்து நிற்கும். குஜராத்தி, ஜெயின் குடும்பங்கள் அதிகம் உள்ள கட்டடங்களில் இது சகஜம். மராட்டிக்காரர்களுக்கே அங்கே இதே பதில்தான் கிடைக்கிறது, அதனால் அவர்களுக்கும் நமக்கும் இந்த ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமை உண்டு. ஹைதராபாத்தில் இரண்டு மாத அட்வான்ஸ், சாயங்காலம் பார்த்துவிட்டு மறுநாள் பால் காய்ச்சிவிடலாம். ஆனால் ஓனரம்மா சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பார். ஊர், சாப்பாடு, குலதெய்வம் என்று வரிசையாக வரும், பதில் புரியாத தமிழ்ச் சாதிப் பெயராக இருந்தால் தலையாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார். தெலுங்குக்காரராக இருந்தால் அந்த விசாரணை இவ்வளவு சீக்கிரம் முடியாது.

சரி, பெங்களூருக்கு வருவோம். இதுதான் நமக்கு மிகப் பக்கம், இதுதான் மிகச் சிக்கலும்.

அல்சூர், சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் பக்கம் ஆட்டோவில் ஏறிப் பாருங்கள். ஓட்டுநர் "எல்லி ஹோகபேகு?" (எங்கே போகணும்?) என்பார். இந்தியில் பதில் சொன்னால் மீட்டருக்கு மேல் ஐம்பது, முகமும் இறுகும். தப்பும் தவறுமாகக் கன்னடத்தில் இரண்டு வார்த்தை சொன்னால், அவரே தமிழுக்கு மாறி "எந்த ஊர் சார், கிருஷ்ணகிரியா?" என்று ஆரம்பித்து, தன் அம்மா வழித் தாத்தா வேலூர் என்பது வரைக்கும் சொல்லி முடிப்பார். கன்னடர்களிடமும் இதே அனுபவம்தான். நாம் தடுமாறினால் அவர்கள் நம் மொழிக்கு வந்துவிடுகிறார்கள், காய்கறிக்கடையில், பேங்க்கில், எதிர்வீட்டில். இந்த மரியாதைதான் வினையாகவும் போகிறது. இருபது முப்பது வருஷம் அங்கே இருந்து, சொந்த வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் "கன்னட கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்று சொல்கிற தமிழர்களை எனக்கே நிறையத் தெரியும். எதிரில் நிற்பவன் நம் மொழிக்கு வந்துகொண்டே இருந்தால் நாம் எதற்குக் கற்றுக்கொள்ளப் போகிறோம்? அவன் பக்கத்திலிருந்து பார்த்தால், சொந்த மாநிலத் தலைநகரத்தில் அவன் தாய்மொழிக்காரர்கள் பாதிக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பு சொல்வது அதைத்தான். அந்த எரிச்சலைப் புரிந்துகொள்ளாமல் பெங்களூரைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை.

எரிச்சல் தெருவுக்கு வரும் நாட்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1991இல் காவிரி இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு டிசம்பரில் நடந்தது பெரிய கலவரம், தமிழர் குடியிருப்புகள் எரிந்தன, ஏராளமான குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பின. அந்தக் காலத்துப் பெரியவர்கள் இன்னும் அந்த டிசம்பரை வைத்துத்தான் பெங்களூரைப் பேசுவார்கள். 2000இல் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தி 108 நாள் வைத்திருந்தபோது ஊர் முழுக்கத் தமிழர்கள் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். காவிரிப் பிரச்சினை மறுபடி வெடித்த 2016 செப்டம்பர் 12 அன்று டிஎன் நம்பர் பிளேட் என்றால் போதும் என்ற நிலை, ஒரு டிப்போவில் வரிசையாக நின்ற தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் மொத்தமாக எரிந்தன. அன்று காலையில் சென்னையில் கன்னடருக்குச் சொந்தமான ஓட்டல் தாக்கப்பட்டதையும் ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டுநர்கள் அடிபட்டதையும் அங்கே டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த வரிசையில் நம் இடம் மாறிவிட்டது. அல்சூரில் 1991இல் வைத்த திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது, பதிலுக்கு சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. அதற்குப் பிறகு ஐடி கம்பெனிகளோடு வடக்கிலிருந்து வந்த கூட்டம் பெருகியது, கோபமும் அந்தப் பக்கம் திரும்பியது. 2017இல் மெட்ரோவில் இந்திப் பலகைக்கு எதிர்ப்பு, 2023 டிசம்பரில் கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்று போராட்டம், இரண்டிலும் நாம் குறி இல்லை. "இந்தி விஷயத்துல நீங்க அன்னைக்கே கரெக்டா பண்ணீங்க" என்று ஒரு கன்னட நண்பர் என்னிடம் சொன்னபோது, 2016இல் இதே ஆள் என்ன பேசியிருப்பார் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகளில் நிர்வாகப் பதவிகளில் 50, மற்றதில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மசோதாவும், தொழில் நிறுவனங்கள் கூச்சல் போட்ட வேகத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்திவைத்தார்கள் என்றுதான் சொல்கிறேன், கைவிட்டார்கள் என்று சொல்லவில்லை.

மும்பையிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே முதல் அடியே நமக்குத்தான் விழுந்தது. 1966இல் சிவசேனா தொடங்கியபோது அதன் குறி தென்னிந்தியர்கள். பால் தாக்கரே தன் 'மார்மிக்' வாரப் பத்திரிகையில் கம்பெனி கம்பெனியாகத் தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டார், லுங்கியைக் கேலி செய்யும் கோஷம் தெருத்தெருவாக ஒலித்தது, உடுப்பி ஓட்டல்கள் அடி வாங்கின. கிளார்க், ஸ்டெனோ வேலைகளில் நம்மவர்கள் நிறைந்திருந்த காலம் அது, படித்த மராட்டி இளைஞனுக்கு எதிரில் நின்ற போட்டியாளர் நாம்தான். அந்த வேலைகளுக்கான போட்டி ஓய்ந்தது, அரசியலும் வேறு எதிரியைத் தேடிப் போய்விட்டது. 2008இல் ரயில்வே தேர்வு எழுத வந்த வடமாநிலப் பையன்களை ராஜ் தாக்கரேயின் நவநிர்மாண் சேனைக்காரர்கள் அடித்தார்கள், 2025இல் மும்பையை ஒட்டிய மீரா ரோடில் மராட்டி பேசாத கடைக்காரருக்கு அறை விழுந்தது. அந்த வீடியோவை, தமிழர்கள் பல காலமாக வாழும் மாட்டுங்காவில் ஃபில்டர் காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த நம் ஆட்களின் முகத்தில் கவலை தெரியவில்லை, அதுவும் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. சயான் கோலிவாடா தொகுதியில் 2014இலிருந்து எம்எல்ஏவாக இருப்பவர் தமிழ்ச்செல்வன் என்ற தமிழர். தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் மூன்றாவது நான்காவது தலைமுறையாக இருக்கிறார்கள், மாநகராட்சியே தமிழ் வழிப் பள்ளி நடத்துகிறது.

அன்றாடத்தில் மும்பை எப்படி? யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள். லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒட்டிக்கொள்ள இடம் விடுவார்கள், நீங்கள் எந்த மாநிலம் என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இட்லி விற்பவரையும் உங்களையும் ஒரே 'அண்ணா'வில் அடக்கிவிடுவார்கள், அது பழகிவிடும். பழகாத விஷயம் இன்னொன்று. ஒரே மாடியில் வருஷக்கணக்கில் இருந்தும் எதிர்வீட்டுக்காரரோடு கணபதி வசூல், லிஃப்ட் ரிப்பேர் தாண்டிப் பேச்சு நீளாது. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வராது. பெங்களூரில் காவிரிக்காக நம்மைத் திட்டுகிற அதே பக்கத்து வீட்டு அம்மா "ஊட்ட ஆய்த்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்று கேட்காமல் படியேற மாட்டார். எது மேல் என்பது ஆளைப் பொறுத்தது. தனியாக விட்டால் போதும் என்று இருப்பவருக்கு மும்பை சொர்க்கம், எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஹைதராபாத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறைவாகவே இருக்கிறது, அதுதான் அந்த ஊருக்கான பாராட்டும். அங்கே உள்ளூர், வெளியூர் என்ற சண்டை நம்மைவிடப் பழையது. நிஜாம் காலத்திலேயே அரசு வேலைக்கு 15 வருஷம் குடியிருந்த 'முல்கி'யாக, அதாவது உள்ளூர்க்காரராக, இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. 1948இல் ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்த பிறகு மெட்ராஸ் மாகாணத்திலிருந்து அதிகாரிகள் போய் இறங்கியபோது, 1952இல் மாணவர்கள் எழுப்பிய கோஷங்களில் ஒன்று 'இட்லி சாம்பார் கோ பேக்'. பம்பாய்க்கு லுங்கி, ஹைதராபாத்துக்கு இட்லி. ஆனால் அதன் பிறகு 1969இல் தனித் தெலங்கானா போராட்டம், 1972இல் தனி ஆந்திரா போராட்டம், 2014 ஜூன் 2இல் தெலங்கானா உருவானது என்று மொத்தச் சண்டையும் ஆந்திராக்காரர்களோடு போய்விட்டது, அதாவது ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள். தமிழன் அந்தப் பஞ்சாயத்தில் பார்வையாளன். செகந்திராபாத் கன்டோன்மென்ட் பக்கம் பழைய தமிழ்க் குடும்பங்கள் உண்டு, பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரியில் முருகனைக் கும்பிடலாம். அங்கே பேசும் தக்கனி உருது புத்தக இலக்கணம் பார்க்காத பேச்சு என்பதால் நம் ஓட்டை இந்தியையும் யாரும் கேலி செய்வதில்லை. ஒரு குறை, நம்மை யாரும் எதிரியாக நினைக்காத ஊரில் யாரும் பெரிதாகச் சொந்தம் கொண்டாடவும் மாட்டார்கள்.

இவ்வளவும் கழுத்தில் ஐடி கார்டு தொங்குகிறவர்களின் கதை. மேஸ்திரியாகவோ வீட்டு வேலைக்கோ போகிறவர்களுக்கு மூன்று ஊரின் முகமும் வேறு. 2020 ஜனவரியில் பெங்களூர் பெல்லந்தூர் பக்கம் 'வங்கதேசத்துக்காரர்கள்' என்று சொல்லி இடித்துத் தள்ளிய குடிசைகளில் வட கர்நாடகத்துக் கூலிகளும் இருந்தார்கள். சொந்த மாநிலத்துக்காரன் என்பதே காப்பாற்றாத இடத்தில் மொழி பேசத் தெரிந்து என்ன ஆகப்போகிறது. நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பரவிய வீடியோக்கள் பொய், ஆனால் திருப்பூரில் அதை நம்பி ரயிலேறியவர்களின் பயம் பொய் இல்லை. 'வடக்கன்ஸ்' மீம் போட்டுவிட்டு மறுநாள் பெங்களூர்க்காரன் மொழிவெறியன் என்று பதிவு போடும் நம்மாட்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது.

இனி குழந்தைகள். இதில் ஊர்க்காரர்களைவிட அரசாங்கம்தான் கறார். தமிழ்நாடு 2006இல் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது, அப்புறம் கர்நாடகம் 2015, தெலங்கானா 2018, மகாராஷ்டிரா 2020 என்று அவரவர் மொழிக்கு வரிசையாகச் சட்டம் போட்டுவிட்டார்கள். பையன் கன்னடமோ தெலுங்கோ படித்துத்தான் ஆக வேண்டும், சின்ன வயசு என்றால் அதில் ஒரு கஷ்டமும் இல்லை, நம்மைவிட வேகமாகத் தெருவில் சேர்ந்துகொள்வான்.

என்னைக் கேட்டால் நான் பெங்களூருக்குத்தான் திரும்பிப் போவேன். அங்கே கோபம் இருக்கிறது என்பது தெரிந்தே. கோபப்படுகிற அளவுக்கு நம்மோடு புழங்கியவர்கள் அவர்கள், பத்து வாக்கியம் கன்னடம் பேசினாலே பாதி கோபம் போய்விடும், மும்பையில் எவ்வளவு மராட்டி கற்றாலும் அந்த மாற்றத்தை நான் பார்க்கவில்லை. வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் எப்படியும் கேஏ பதிவுக்கு மாற்றியாக வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள், காவிரி காலத்தில் அது வெறும் ஆர்டிஓ விஷயம் கிடையாது.

பிள்ளை எட்டாவது படிக்கிறது, டாக்டர் கனவு வேறு இருக்கிறது என்றால் மட்டும் என் கணக்கு மாறும். தெலங்கானாவில் மருத்துவ இடத்துக்கு உள்ளூர் மாணவராகக் கருதப்பட 9ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அங்கேயே படித்திருக்க வேண்டும் என்ற 2024 விதியை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது. கர்நாடகத்தில் பொதுவாக ஏழு வருஷப் படிப்பு கேட்கிறார்கள், மகாராஷ்டிராவில் டொமிசைல் (இருப்பிட) சான்றிதழுக்கே 15 வருஷம். ஹைதராபாத் போவதாக இருந்தால் ஒன்பதாம் வகுப்பு அட்மிஷனுக்கு முன்னால் போய்விடுங்கள்.